தேய்த்த பெயர்

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு செய்யும் ஆலை ஒன்றில் நான் தரப் பரிசோதகன். மை ஊற்றி எழுதும் பேனா என்றால் எனக்கு உயிர். பெயர்பெற்ற பேனாக்களைப் பார்த்து அப்படியே செய்த மலிவு நகல்களைக் கண்டால் எரிச்சல் வரும். அவற்றை வாங்குகிறவர்களைக் கண்டாலும்தான்.

ஒருநாள் அவசரமாகக் கையெழுத்துப் போடும்போது என் பால்பாயிண்ட் பேனா மக்கர் செய்தது. ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ரெஜினா தன் பேனாவை நீட்டினார். என் வீட்டில் இருக்கும் அசல் பேனாவின் நகல் அது. நிப் தாளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், குறை சொல்வதற்காகவே மூடியைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு வெறுமையாக இருந்தது.

“பேரை ஏம்மா தேச்சிட்டீங்க?”

“அது பொய்ப் பேரு சார். தகடுல தப்பான முத்திரை இருந்தா நாம இன்னா பண்றோம்? மொதல்ல அதைத் தேச்சிட்டு, அப்புறம்தானே டெஸ்டுக்கு எடுத்துக்கினு போறோம்? இதுவும் அப்படித்தான். நல்லா எழுதிச்சி, வெச்சிக்கினேன்.”

நான் தினமும் செய்கிற வேலைதான். பேனாவுக்கும் அதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தத் தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

நகல் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், அதிலிருக்கும் பெயரைத் தேய்க்க மனம் வருமா என்று இப்போது கேட்கிறேன்.

என் அசல் பேனா மணவாள நகர் வீட்டு பீரோவில் பெட்டியோடு இருக்கிறது. கீறல் விழுமோ என்று அதில் இன்றுவரை மை ஊற்றியதில்லை. பெயர் மட்டும் பளபளவென்று இருக்கிறது.