அகராதிக்காரரின் உதாரண வாக்கியம்

தெருவில் அவரை அகராதிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அகராதி பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும், அதை வேறு புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. கற்பனைக்குப் பஞ்சம் வந்த மனிதர் என்ன செய்வார்? வீட்டு ஆட்களையே பிடித்துப் போட்டார். கோபம் என்றால் மனைவி, சோம்பல் என்றால் மகன்.

'கோரி' (gory) என்ற ஆங்கிலச் சொல்லின் முறை வந்தது. ரத்தக்கறை படிந்த என்று பொருள். பிறப்பைத் தோண்டிப் பார்த்தார். அதன் வேர்ச்சொல் பழைய ஆங்கிலத்தில் சாணத்தையும் அழுக்கையும் குறித்ததாம்; உறைந்த ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது பல நூறு ஆண்டு கழித்து. இதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மகன் மட்டும் சிரித்தான். எப்போதோ பந்தாடி மூக்கை உடைத்துக்கொண்டு வந்தவன் அவன். அதை நினைத்து, 'என் மகன் ரத்தக்கறை படிந்த சட்டையோடு வந்தான்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் பக்கம் அச்சேறிய அன்று காலை மகனின் பைக்கை லாரி இடித்தது. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை ஒரு பையில் போட்டு நர்ஸ் இவர் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தார்; முழுக்க ரத்தக்கறை. தான் எழுதியதால்தான் நடந்தது என்று தோன்றியது. சாமி, சகுனம் எதையும் நம்பாதவர்தான். பயம் வந்தால் படிப்பு எந்த மூலையில் போய் ஒளியுமோ, யார் கண்டது? அந்த வரி வெளியே போனால் மகன் பிழைக்க மாட்டான் என்று மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. நினைவு திரும்பினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இதோ வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடினார்.

அச்சான தாள்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அச்சகக்காரர். இவர் அவர் காலில் விழப் போனார். பதறிப்போன அச்சகக்காரர், என்னவோ செய்யுங்கள் என்று ஒரு கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொரு தாளாக எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டார். கை கடுத்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் மகனுக்கு ஒரு மூச்சு கூடுகிறது என்றே நம்பினார், பாவி மனுஷன். சட்டைப்பையில் போன் ஒலித்தது. இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டார். மறுபடி ஒலித்தபோதும் எடுக்கவில்லை. கடைசியில் அச்சகக்காரரே போனை எடுத்து அவர் காதில் வைத்தார்.

மனைவி அழவில்லை.

"கண்ணு முழிச்சான். அப்பா எங்கம்மான்னு கேட்டான். வந்துட்டே இருக்காருடான்னு சொன்னேன். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தான். நானும் போன் போட்டுப் போட்டுப் பாத்தேன்."

"இதோ, இப்பவே கிளம்பிட்டேன்" என்றார்.

"மெதுவாவே வாங்க" என்றாள்.