பள்ளத்தைப் பார்த்த வாசல்

போன ஞாயிறு சித்திரபுரத்தில் ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டேன். ஹாலுக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில்... மேகம்!

என் அக்கா ஜமீலாவின் வீடு. மலைச்சரிவின் விளிம்பில் மச்சான் ஆசை ஆசையாய்க் கட்டியது. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போன மறு வருஷ மழையில் முற்றம் சரிந்தது. பின்னாலேயே வராந்தாவும் முன்சுவரும் போயின. நல்லவேளை, அக்கா அடுக்களையில் இருந்தாள். அன்று விட்டுவிட்டுப் போன வீடு, ஜன்னல் வழியே செடி முளைத்துக் கிடந்தது.

அக்கா பாலக்காட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என்ன குறை? ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டீ போட வேண்டுமென்றாலும், அண்ணி எழுந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள்.

திடீரென்று ஒருநாள், "மறுபடி கட்டப் போறேன்" என்றாள். அண்ணன் குதித்தான். "எதுவானாலும் அங்க வந்து பேசுங்க" என்று எங்களை வரவழைத்து, சோறும் போட்டாள்.

"வித்துத் தள்ளும்மா. மலையை நம்பி யாராவது ஊடு கட்டுவாங்களா?" என்றான் அண்ணன்.

"மலை என்னண்ணே பண்ணுச்சு? தப்பு பூரா நம்மளுது."

உண்மைதான். மச்சான் பாலக்காட்டுக் கடைக்காரர். முன்னால் நாலு கார் நிற்க முற்றம் இல்லாவிட்டால் அவருக்கு அது வீடே இல்லை. மலையில் முற்றத்துக்கு எங்கே போவது? பின்பக்கம் மண்ணை வெட்டி முன்பக்கம் கொட்டி நிரவினார். கொட்டின மண் போய்விட்டது. பாறை மேல் நின்ற பாதி அசையவில்லை. வந்து பார்த்த இன்ஜினியரும் அதையேதான் சொன்னார்.

"சின்னதா, பாறை மேலயே கட்டுறேன். பின்னால மழைத்தண்ணி ஓட வாய்க்கால். முற்றமே கிடையாது. வர்றவங்க காரை ரோட்டுல விட்டுட்டு நடந்து வரட்டும்."

"ஒரு தடவை தப்பிச்சுட்டே. இன்னொரு தடவை அப்படி போன் வந்தா என்னால தாங்க முடியாதும்மா..." அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான்.

நொந்தவர்களிடம் 'விட்டுத் தள்ளு' என்கிறோமே — அது யாருடைய நிம்மதிக்கு? அவர்களுக்கா, நமக்கா?

அக்கா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "நிலை வைக்கிற அன்னிக்கு நீங்க சீர் கொண்டு வரணும்."

எங்கள் குடும்பத்தில் வாசல் நிலை தூக்கும் நாளில், கூடப்பிறந்தவன் சீர்த்தட்டோடு வந்து முதல் கை வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

"நான் வரமாட்டேன்னா?"

"நிலை இல்லாமயே குடியிருப்பேன். இப்ப சுவர் இல்லாம சாப்பிடலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முறைத்தான். கை கழுவிவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

"வாசலையாவது ரோட்டுப் பக்கம் வையேன்..."

"இல்லண்ணே. பள்ளத்தைப் பாத்துதான். பயந்து முதுகு காட்டினதெல்லாம் போதும்."

திரும்பும் வழியில் மறையூரில் டீ குடிக்க நிறுத்தியபோது அண்ணன் கேட்டான், "நிலைக்குப் பலா போதுமா, தேக்கு எடுக்கலாமா?"

ஜமீலாவுக்கு ஈடு கொடுத்து நிற்க வேண்டிய மரம். தேக்கே எடு என்றேன்!