மதினியின் லேப்டாப்பில் ஓடிய அணுக்கரு

ஆய்வின் கடைசிக் கட்டத்தில் என் லேப்டாப் பழுதாகிவிட்டது. அப்போது சின்னமனூரில் அண்ணன் வீட்டில் தங்கி எழுதிக்கொண்டிருந்தேன். மதினி தன்னுடையதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது.

"நான் போன்ல படிச்சுக்கிறேன். நீ வேலையப் பாருத்தா."

ஓர் அணுக்கருவுக்குள் குறிப்பிட்ட ஆற்றலில் எத்தனை நிலைகள் நெருங்கி இருக்கின்றன என்று கணக்கிடுவதுதான் என் வேலை. ஆற்றல் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஏற ஏற லட்சக்கணக்கில் பெருகிவிடும், எண்ணி மாளாது. அதனால் துகள்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றிப் பார்த்து மொத்தத்தை மதிப்பிடும் நிரல் ஒன்று எழுதியிருந்தேன். நாள்கணக்கில் ஓடும்; ஓடும்போது லேப்டாப்பில் வேறெதையும் திறக்க முடியாது. நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை அவசரத்தில் நான் சேர்க்கவில்லை.

ஒருநாள் காலை மதினி ஈரத்தலையோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு ஆன்லைன்ல மாதிரித் தேர்வு. போன்ல கணக்கெல்லாம் பொடிசாத் தெரியுது. கொஞ்ச நேரம் தர்றியா?"

"நிறுத்துனா மொதல்லருந்து ஓட்டணும் மதினி."

"ஐயோ, அப்ப வேணாம்."

நான் தலையாட்டினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் விரலால் பெரிதாக்கிப் படித்தார். நேரம் முடிந்தபோது பாதிக் கேள்விகள் மிச்சமிருந்தன.

என் கணக்கு முடிந்து வரைபடத்தைப் பார்த்ததுமே தப்பு தெரிந்தது. நியூட்ரான்கள் ஜோடி சேரும் ஆற்றலுக்கு முன்னால் கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் போட்டிருந்தேன். ஓடிய அத்தனையும் வீண். யாரிடமும் சொல்லாமல் திருத்தி, மறுபடி ஓட்டினேன். அதுதான் ஆய்வேட்டில் போனது.

மதினி அந்த முறை தேறவில்லை. அந்த ஒரு மாதிரித் தேர்வால்தான் என்று சொல்ல முடியாது. அல்ல என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டம் கிடைத்தபோது பக்கத்து வீட்டில், "எங்க நாத்தனா எல்லாத்தையும் என் லேப்டாப்புலதான் செஞ்சா" என்று அவர் பெருமையாகச் சொல்வது காதில் விழுந்தது. அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. அவர் வீடு திரும்பியதும் அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப அன்னைக்கு நிறுத்தியிருந்தாலும் ஒண்ணும் போயிருக்காதா?"

"போயிருக்காது மதினி."

மிச்சக் காயையும் நறுக்கி முடித்தார். பிறகு, "உங்கண்ணன்ட்ட சொல்லிறாத. அவுக சத்தம் போடுவாக" என்றார்.

இப்போது அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார். நான் ஊருக்குப் போகும் நாள்களில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். சாப்பாட்டு நேரத்தில்கூட நான் தட்டுவதில்லை. அண்ணன்தான் போய்க் கூப்பிடுவார்.