ராட்டினக் குதிரையில் அக்கா

எழுபதுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை டவுன் திடலுக்கு ராட்டினம், கடைகளோடு ஃபன்பேர் வரும். எஸ்டேட் லோரியில் நின்றுகொண்டே போவோம். அந்த வருஷம் எனக்குக் கூடுதலாக ஒரு வேலை. ஈப்போவில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் படம் கேட்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால், இதுவாவது அமைய வேண்டும் என்று அம்மா முருகனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி நான் கேமரா வாங்கி வந்தேன். சுருளில் ஆறு படம்தான் பாக்கி.

எங்கள் கேமரன் மலைக்காரர்களைப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. கேமராவைக் கண்டதும் சுவெட்டரைக் கழற்றிவிடுவார்கள். புதுச் சேலை தெரிய வேண்டுமாம், சங்கிலி தெரிய வேண்டுமாம். அடுத்த நிமிஷம் மலைக்குளிரில் பல் தந்தியடிக்கும். அக்காவும் கழற்றினாள். முழங்கையில் ஒட்டுப் போட்ட அப்பாவின் சுவெட்டர் அது.

"ஆடாம நில்லுக்கா" என்றேன்.

"நானா ஆடுறேன்?" என்று ஆடிக்கொண்டே கேட்டாள்.

நான் பட்டனைத் தொடும் நேரம் பார்த்து, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று அம்மா சுவெட்டரை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஐந்து படம் இப்படியே போயிற்று. மாப்பிள்ளை பார்க்கப்போவது உன்னையா அவளையா என்று அம்மாவிடம் கத்தினேன்.

அக்காவுக்கும் கோபம். சுவெட்டரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, அவித்த சோளம் ஒன்றை வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு குதிரை ராட்டினத்தில் ஏறிவிட்டாள். மூன்றாவது சுற்றில் சோளத்தை என் பக்கம் ஆட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துவிட்டேன்.

படங்கள் கழுவி வந்தன. ஒன்றில் அக்கா இரண்டாகத் தெரிந்தாள், ஒன்றில் கண் மூடியிருந்தாள், மூன்றில் அம்மாவின் கை. கண் மூடிய படம்தான் அடக்கமாக இருக்கிறது என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். குதிரைப் படத்தை வெளியே விட்டால் என் காலை ஒடிப்பாளாம். ஆனால் கவரை ஒட்டித் தபாலில் போடும் வேலையை என்னிடமே கொடுத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கல்யாணமாகிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு படத்தையும் வைத்து ஒட்டினேன். அதன் பிறகு பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் அவர்களே வந்துவிட்டார்கள். வெயில் ஊர்க்காரர். மெல்லிய வெள்ளைச் சட்டையில் வந்த மாப்பிள்ளை நாற்காலியோடு சேர்ந்து நடுங்கினார். அக்கா கொடுத்த தேத்தண்ணியில் பாதி தரையில் போயிற்று. பாவம் பார்த்து அப்பா தன் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தார்.

அவர் மாட்டிக்கொண்டு முழங்கை ஒட்டைத் தடவிப் பார்த்தார். "இது குதிரப் படத்துல உள்ள சுவெட்டர்தானே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"அதப் பாத்துதான்லா வந்தேன்" என்றார். "இன்னொன்னுல தூங்குறாங்க."

சமையற்கட்டிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. ராட்டினத்தில் சிரித்த அதே சிரிப்பு.

மாப்பிள்ளை சுவெட்டரைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். அப்பா அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை. கல்யாணம் முடியும்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டே வேலைக்குப் போனார்.