கல்யாண ரோலில் தட்டான்பூச்சி

நேற்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்தார். மூடியைத் தூக்கியதும் பாசி வாடை குப்பென்று அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த வாடைக்கும் எனக்கும் எழுபதுகளின் கடைசியிலிருந்தே பழக்கம்.

அப்போது நான் உத்திரமேரூரில் விலங்கியல் வாத்தியார், புதிதாகக் கல்யாணமானவன். புதுக்குடித்தனத்தில் கட்டில், பீரோ இருக்கும். எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே ஏரி மதகடியில் வலைபோட்டுப் பிடித்த தட்டான்பூச்சிக் குஞ்சுகள். இறக்கை முளைக்கும்வரை தட்டான் தண்ணீருக்குள்தான் வளரும் என்றால் என் மனைவி நம்பவே இல்லை. சேற்று நிறம், உருட்டு விழி, ஒன்றும் தெரியாத பாவனை. கொசுப்புழு அருகே வந்ததும் மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கவ்விவிடும். எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படி இருவர் இருந்தார்கள், அது வேறு கதை.

அந்தக் குஞ்சுகளைக் கிட்டத்தில் படம் பிடிக்க ஆசை. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கேமராவைக் கொடுத்தார். அதற்குள் எங்கள் கல்யாணம் இருந்தது. ரோலில் சில படங்கள் மீந்திருந்தன. மீதியோடு கழுவ எந்த ஸ்டூடியோக்காரருக்கும் மனசு வராது.

“மிச்சத்த உன் பூச்சிங்களுக்கு வச்சிக்க மாப்ள. லென்ஸ கயட்டித் திருப்பிப் புடிச்சா கிட்ட தெரியும். பின்மூடிய மட்டும் தொறந்துடாத. தொறந்தா வெளிச்சம் பட்டு கல்யாணம் போச்சி.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பின்மூடி தானாகத் திறந்துவிடுமோ என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். காலையில் முற்றத்து வெயிலை முகம்பார்க்கும் கண்ணாடியில் வாங்கி, தொட்டிக்குப் பின்னாலிருந்து அவள் உள்ளே அடிப்பாள். நான் ஒரு கையால் லென்ஸை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவேன். கை ஒரு மயிரிழை அசைந்தாலும் படத்தில் பூச்சி கலங்கிவிடும்.

“தாலி கட்றது அதுலதான் கீது. பாத்துப் புடிங்க” என்பாள் ஒவ்வொரு முறையும்.

எண்ணிக்கை காட்டும் முள் முப்பத்தாறைத் தொட்டது. ரோலுக்கு அவ்வளவுதான், ஒன்றிரண்டு கூடுதலாக விழும் என்று தெரியும். மச்சானின் தாராளத்தை மெச்சிக்கொண்டே இன்னும் சில எடுத்தேன். பிலிமை நகர்த்தும் லீவர், ரோல் முடிந்தும் இறுகாமல் வெண்ணெயாக நகர்ந்தது. அப்போதுதான் கேமராவின் இடப்பக்கம் கண் போனது. பிலிம் நகர்ந்தால் இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுற்றவேண்டும். அது அசையவே இல்லை. திறந்து பார்க்கலாமா? உள்ளே கல்யாணம் இருந்தால்? திறக்காமலிருந்தால் இருந்துவிடுமா?

இருவரும் ஸ்டூடியோவுக்கு ஓடினோம். மச்சான் கேமராவோடு இருட்டறைக்குள் போனார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய மற்றவர்களின் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தவரின் முகமே சொல்லிவிட்டது.

“பிலிம் சக்கரத்துப் பல்லுல மாட்டவே இல்ல மாப்ள. மாட்டிக்கினு இருந்தப்பதான் உன்ன கையப் புடிச்சி மணவறைக்கு இட்டார, ‘மச்சான் எங்க, மச்சான் எங்க’ன்னு கூப்ட்டாங்க. அவசரத்துல மூடிட்டு ஓடியாந்துட்டேன்.”

பெண்ணுக்கு அண்ணனும் போட்டோக்காரரும் ஒரே ஆளாக இருந்ததன் பலன். தாலியும் இல்லை, மாலையும் இல்லை, பூச்சியும் இல்லை. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மாலை வாங்கியாரேன். கட்ற மாதிரி கைய வச்சிக்கினு நில்லுங்க, எடுத்துடலாம்” என்றார்.

அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ சீறினாள்.

“கட்டின தாலிய இன்னொரு வாட்டி கட்றதா? இன்னாண்ணா பேசற? பொய்யா நிக்க என்னால ஆவாது. பிலிம் புதுசாத்தான கீது, ஒயுங்கா மாட்டிக் குடு. வூட்ல ஒரு பூச்சி குச்சிமேல ஏறிக்கினு கீது.”

எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய அந்த ரோலில்தான், மறுநாள் காலை, குச்சியில் தொற்றிய பூச்சி முதுகு வெடித்துத் தட்டானாக வெளியே வந்தது. அவள் கண்ணாடியைப் பிடித்திருந்தாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு கண்காட்சியில்கூட வைத்தார்கள்.

மதகடியில் இப்போது தட்டானைத் தேடித்தான் பார்க்கவேண்டும். மச்சானும் இல்லை, ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அவள் போய் இரண்டு வருடமாகிறது. பிற்காலத்துப் படங்கள் வீடு நிறைய இருக்கின்றன. கல்யாணமான புதிதில் அவளைத் தனியாக ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வயதில் அவள் விழுந்திருப்பது தட்டான் படத்தில் மட்டும்தான். பூச்சியின் கால் ரோமம்கூடத் துல்லியமாக இருக்கிறது. பின்னால் வெள்ளையாக, விளிம்பில்லாமல் ஒரு கலங்கல். அது அவள் முகம் என்று நான் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.