சோப்புக் கம்பெனி வெள்ளையடிச்ச வீடு

செல்போன் கம்பெனிக்காரவுக நம்ம தெருச் செவத்துல விளம்பரம் எழுதுறாக. பெயிண்டு வாசம் வந்ததும் ரெட்டியபட்டியில பஸ்ஸு போற ரோட்டு மேல இருந்த எங்க வீட்டு ஞாபகம் வந்துருச்சு.

அப்ப எனக்கு எட்டு வயசு. மறுநாள் அக்காவைப் பொண்ணு பாக்க வாராக, வீடு வெள்ளையடிக்காமக் கெடக்கு. அன்னைக்குன்னு சோப்பு விளம்பரம் எழுத ரெண்டு பேரு வந்தாக.

"நாலு செவத்துக்கும் வெள்ளையடிங்க, பெறவு எழுதுங்க"ன்னா அம்மா.

"யக்கா, கம்பெனி ஒரு செவத்துக்குத்தான் சுண்ணாம்பு குடுத்திருக்கு."

"அப்ப பஸ்ஸு போகாத தெருவுல போயி எழுதுங்க."

பொழுது சாயுறதுக்குள்ள வீடே வெளுத்துருச்சு. முன்செவத்துல சோப்பு விளம்பரத்தை நீலத்துல எழுதிட்டுப் போனாக. எனக்கு எழுத்துத் தெரியாது, அந்த நீலக் கலரு மட்டும் கண்ணுலயே நிக்குது.

மறுநாள் வந்த மாப்பிள்ளையோட அம்மா செவத்தைப் பாத்துட்டு, "சோப்பு ஏஜென்சியா எடுத்திருக்கீக?"ன்னாக.

அம்மா நடந்ததைச் சொல்லிட்டா.

அவுக விழுந்து விழுந்து சிரிச்சாக. "கம்பெனிக்காரனையே வேலை வாங்குன வீடா! தாம்பூலத்தை மாத்துங்க."