அம்பு வராத இரட்டை வட்டம்

அந்த இரட்டை வட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அவ்வளவுதான். ஒரு விடைத்தாளின் மூலையில் கிடந்தது. அதில் குமட்ட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கணினி டிப்ளோமா வகுப்பு நடந்தது. படியேறும்போதே கக்கூஸ் நாற்றம் மூக்கைப் பிடிக்கும். நாற்பது பேருக்கு முப்பது கதிரை. நான் புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். கிழமை நாட்களில் கண்டியில் ஒரு சின்னக் கம்பனியில் பயிலுநர் வேலை, சனி ஞாயிறு வகுப்பு. ஆண்டு முடிவதற்குள் டிப்ளோமா சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூடையைத் தொடக் கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் ஒரே பிடிவாதம்.

பாடம் எடுத்த சார் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். நம்ம ஆள் என்று முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மனிதர் மஞ்சள் பிடித்த ஒரு நோட்ஸை வைத்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். அவர் இருமினால் அதையும் எழுதிக்கொள்ளும் கூட்டம் அது.

என்.எஃப்.ஏ.யை டி.எஃப்.ஏ.யாக மாற்றுவது என்று ஒரு பாடம். இரண்டும் காகிதத்தில் வரைகிற கற்பனைப் பொறிகள். சில வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் அம்புகள். 0, 1 என்று ஒவ்வொன்றாக வாசிக்கக் கொடுத்தால் பொறி அம்பு வழியே நகர்ந்துகொண்டு போகும். வாசித்து முடிக்கும்போது இரட்டை வட்டத்தில் நின்றால் கொடுத்ததை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வேறெங்கே நின்றாலும் இல்லை. முதல் வகைப் பொறியில் ஒரே எழுத்துக்கு இரண்டு அம்பு இருக்கலாம், எதில் போகும் என்று நிச்சயம் கிடையாது. இரண்டாம் வகையில் ஒரு எழுத்துக்கு ஒரே அம்பு. முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் காட்ட வேண்டும்.

"டேபளப் போடுங்க, கட்டத்த நெரப்புங்க. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தா சிலபஸ் முடியாது" என்றார் சார்.

எனக்கு ஏன் எதற்கு என்று தெரியாமல் கை ஓடாது. மறுநாள் விடுமுறை என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற பஸ்ஸில் கொப்பியை மடியில் விரித்து, பஸ் நிலையத்தில் வாங்கிய அவித்த கடலையை வட்டங்களில் வைத்துப் பார்த்தேன். அ, ஆ, இ என்று மூன்று வட்டம், இ-தான் இரட்டை வட்டம். அ-வில் ஒரு கடலை. 0 வந்தால் அது அங்கேயே நிற்கலாம், ஆ-வுக்கும் போகலாம். எதற்கு வீண் சண்டை, இரண்டிலும் ஒவ்வொன்று வை. அடுத்து 1 வந்தால் அ-வில் இருப்பது அங்கேயே நிற்கும், ஆ-வில் இருப்பது இ-க்குப் போகும். இப்போது எங்கெல்லாம் இருக்கலாம் என்கிற அந்தக் கூட்டத்தையே ஒரு புது வட்டமாக வரைந்துவிட்டால் நிச்சயமில்லாத பேச்சுக்கே இடமில்லை. கூட்டத்துக்குள் ஒன்று இரட்டை வட்டமாக இருந்தால் முழுக் கூட்டமும் இரட்டை வட்டம். பஸ் கம்பளையைத் தாண்டுவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. நோட்ஸில் சார் தந்த விடையைத் திருப்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வளைவுகளில் உருண்டது போக மிச்சக் கடலையைத் தின்றேன்.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. 01 என்று முடிகிறவற்றை மட்டும் ஏற்கும் பொறி. மூன்று புது வட்டம் வந்தது: அ தனியாக, அ-வும் ஆ-வும் சேர்ந்தது, அ-வும் இ-யும் சேர்ந்தது. கடைசியில் சொன்னதில் இ இருப்பதால் அதற்கு இரட்டை வட்டம் போட்டேன். இருபத்தைந்து புள்ளி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றக் கேள்விகளுக்கு அரைகுறையாகத்தான் எழுதினேன்.

பெறுபேறு வந்தது. முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால்தான் பாஸ். அந்தக் கேள்விக்குச் சுத்தமாகப் பூச்சியம்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். மனிதர் மீன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். அலுமாரியைத் திறந்து, எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் புள்ளித்திட்டத்தைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். எத்தனையோ வருடம் போட்டோகொப்பிக்கு மேல் போட்டோகொப்பி எடுத்துக் கறுத்துப்போன தாள். அதிலும் என் மூன்று வட்டங்கள் இருந்தன, ஆனால் எல்லாமே ஒற்றை வட்டம். மூலையில் தன்பாட்டில் இ என்று நாலாவதாக ஒன்று. அதற்குத்தான் இரட்டை வட்டம்.

"இங்க பாருங்க புள்ள, இது ஒங்க தாள்ல எங்க இருக்கு?" என்றார்.

"சார், அந்த வட்டத்துக்கு ஒரு அம்பும் வரல்லீங்களே. அங்க எப்பிடிப் போறது?"

"புள்ளித்திட்டத்துல இருக்கு. நான் என்ன செய்ய?"

"ஒரு தடவ 01 குடுத்துப் பாருங்க சார். நீங்களே வெரல வச்சுப் பாருங்க."

வைத்தார். எண்ணெய் விரல். 0 என்று ஒரு வட்டம் நகர்ந்தது. 1 என்று அடுத்ததுக்கு வந்து நின்றது. இரட்டை வட்டம் அங்கே மூலையில் தனியாகக் கிடந்தது. விரலுக்குப் போக வழியில்லை. 001 என்று இன்னொரு தடவை அவராகவே பார்த்தார். விரல் மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. எதைக் கொடுத்தாலும் ஏற்காத ஒரு பொறியை இத்தனை வருடமாகச் சரி என்று புள்ளி போட்டிருக்கிறார். அவர் முகத்தில் வெட்கம் வந்ததை நான் கண்டேன். பிழை எல்லாருக்கும் வரும், அதற்கு நான் யாரையும் வெறுக்க மாட்டேன். வெட்கம் போன பிறகு அந்த ஆள் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"நாப்பது பேருக்கு மார்க்ஸ் போட்டு மேல அனுப்பியாச்சு. இனி மாத்த ஏலாது. மாத்துனா முந்தின பேட்ச் எல்லாம் கேள்வி கேக்கும்." ரோல்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "ரிபீட் பேப்பர்லயும் இதே கேள்விதான் வரும். இருக்கிற மாதிரியே எழுதிடுங்க. பாஸாயிருவீங்க."

தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது. "சரிங்க சார்" என்றுதான் வாயில் வந்தது. மேலிடத்தில் சொல்லலாம் என்றால் வகுப்பு நடத்துகிற அந்த டியூட்டரியே அவர் மனைவி பெயரில் இருந்தது.

அக்குறணையிலிருந்து வரும் என் சிநேகிதி அந்தக் கேள்விக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியிருந்தாள். படியில் வைத்து அவளிடம் கொட்டித் தீர்த்தேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அதுக்கு அம்பு வரல்லண்டு எனக்கும் தெரியுந்தானே. நோட்ஸ்ல அப்பிடி இருந்திச்சி, நானும் அப்பிடியே வெச்சிட்டேன். பாஸா பெயிலாண்டுதான் வாப்பா கேப்பாங்க. வட்டத்தப் பத்திக் கேக்கவா போறாங்க?"

அவளோடு இரண்டு கிழமை பேசவில்லை. அவளாவது பாஸாகிவிட்டுப் பேசினாள், நான் பெயிலாகிவிட்டு நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரிபீட் பரீட்சை கார்த்திகையில் வந்தது. அதற்கு முந்தின நாள் கம்பனி மெனேஜர் சான்றிதழ் எங்கே என்று மூன்றாவது தடவை கேட்டிருந்தார். அம்மாவிடம் நான் பெயிலானதைச் சொல்லவே இல்லை. அவர் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும் மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார்.

கேள்வியைப் பார்த்ததும் கை தன்பாட்டில் சரியாகப் போட்டது. மூன்று வட்டம், மூன்றாவதற்கு இரட்டை. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு அழிரப்பரை எடுத்து அந்த உள்வட்டத்தை அழித்தேன். தாள் கிழியாமல், மெதுவாக, பென்சில் தடம் கொஞ்சமும் தெரியாமல் அழித்தேன். மூலையில் தனியாக ஒன்றை வரைந்தேன். இ என்று எழுதினேன். அதற்கு இரட்டை வட்டம் போட்டேன். அச்சடித்த மாதிரி அழகாக வந்தது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. சான்றிதழ் கிடைத்தது, வேலை நிரந்தரமானது. அம்மா மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார். அந்தப் பொங்கலை நானும் தின்றேன்.

அடுத்த வருடம் வங்கியில் கேட்ட ஒரு கடிதத்தை நகலெடுக்கக் கண்டியில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். இயந்திரத்திலிருந்து அவளுடைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. மேல் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்து. சாரின் பழைய தாள் வாசிக்க முடியாத அளவுக்குக் கறுத்துப்போயிருந்தது. எழுத்து தெளிவாக இருக்கிறது என்று என் விடைத்தாளை எடுத்துப் புது பேட்ச்சுக்கு மாதிரி விடையாகக் கொடுத்திருக்கிறார். அழித்த இடத்தைத் தேடினேன். நகலில் ஒன்றும் விழவில்லை.

நான் தாளையே பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் சிரித்தாள். "அக்காவும் அங்கதான் படிச்சீங்களா? இந்த மூலையில இருக்கிற வட்டத்துக்கு அம்பு ஒண்ணும் வரல்ல. கொப்பியில விழாமப் போச்சா, இல்ல இப்பிடித்தானா?"

கேட்டுவிட்டாள். நாற்பது பேரில் கேட்கிற ஒருத்தி. என் கழுத்தில் கம்பனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்பிடித்தான் தங்கச்சி" என்றேன். "இப்பிடியே எழுதுங்க."